நடவு வயலில் ஓர் ஆபீஸ்

போன மாதம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "மேடம், உங்க சர்வீஸ்லேருந்து ஒரு வெற்றிக்கதை வேணும். இருநூறு வார்த்தைக்குள்ள, ஒரு போட்டோவோட. ஃபார்ம் அனுப்பியிருக்கேன்" என்றார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் என்னை ஒருத்தர் மேடம் என்று கூப்பிடுகிறாரே என்ற சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன். ஃபார்மைத் திறந்து பார்த்தால் நாலு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'பயனாளி கற்றுக்கொண்ட பாடம்'.

உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இந்தக் கடைசிக் கட்டத்துல என் பேர எழுதலாமா?"

"மேடம், அது பயனாளிக்கு. நீங்க பணியாளர்."

"தெரியும்மா. அதான் கேக்குறேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, காலியாக விட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டார். இருநூறு வார்த்தை எனக்கு வணக்கம் சொல்லவே போதாது. ஆகையால் முழுக்கதையையும் இங்கே எழுதுகிறேன். போட்டோ கிடையாது. ஏன் கிடையாது என்று படித்தால் புரியும்.

நான் வசந்தா. கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவே உள்ள ஊர்களில் என் காலமெல்லாம் அரசுச் செவிலியராக ஓடியவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாஸ்டல் சாம்பார், ஊசி போட்டுப் பழக ஆரஞ்சுப் பழம், பழகி முடித்ததும் அதே பழத்தை உரித்துத் தின்றது, அவ்வளவுதான். சுகாதாரக் கல்வி என்ற பாடத்தில் மட்டும் நான்தான் முதல். அதில் பேச வேண்டும். பேசச் சொன்னால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

ஆனால் பேசிப் பேசி நான் சாதித்தது என்ன என்று கேட்டால் ஒரு ஜாடியைக் காட்டலாம். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்வது எப்படி என்று ஒரு தெருவில் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியை வைத்து விளக்கம் கொடுத்தேன். பெண்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அடுத்த வாரம் போனபோது நாலு வீட்டில் அதே ஜாடி இருந்தது. எல்லாவற்றிலும் மோர். கரைசலைப் பற்றிக் கேட்டேன். "அது கெடக்கட்டும் நர்சம்மா, ஜாடி ரொம்ப அம்சமா இருக்கு" என்றார்கள். அப்போதும் நான் திருந்தவில்லை. இன்னும் சத்தமாகப் பேச வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் ரமாமணி மாற்றலாகி வந்தபோது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவருக்கு நாற்பதுகூட இருக்காது. குள்ளமான உருவம், பெரிய கைப்பை. யார் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பத்து எண்ணுவார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். அந்தப் பத்தைத் தாண்டுவதற்குள் எதிரே நிற்பவர், மறைக்க நினைத்ததையும் சேர்த்துக் கொட்டிவிடுவார். தாமதமாக வந்ததற்கு பஸ் மேல் பழி போட்ட நானே, ஏழாவது கணுவில், "தூங்கிட்டேன் டாக்டர்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வந்த புதிதில் என் தாய்மார்கள் கூட்டத்துக்கு வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல், கடைசி வரிசையில் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் பத்து எண்ணினார்.

"சிஸ்டர், நாப்பது நிமிஷம் பேசினீங்க. அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"அவங்க எங்க டாக்டர் பேசுறாங்க? கூச்சம்."

மறுநாள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை என் மேசையில் வைத்தார். உள்ளே கற்கண்டு, கட்டி கட்டியாக. "இனிமே கூட்டத்துல ஒரு கேள்வி கேட்டதும் இதுல ஒண்ண வாயில போட்டுக்குங்க. கரையுற வரைக்கும் பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது" என்றார்.

"சுகர் வந்துட்டா டாக்டர்?"

"அப்பக் கிராம்பு தர்றேன்."

கடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னாரே, அங்கேதான் என்னை எவ்வளவு துல்லியமாக எடைபோட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. அரசு ஊழியரை இனிப்புக் கொடுத்து அடக்குவதற்கு எந்த விதியில் இடமிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். வீட்டுக்கும் அதே மாதிரி டப்பா ஒன்று கிடைக்குமா என்று அவர் கேட்டார்.

மலர்க்கொடியின் விஷயம் அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் வந்தது. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்க் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காலனிப் பெண்களின் நடவு கோஷ்டியில் அவள்தான் வயதில் சின்னவள். முந்தின வருஷம் ஏழாம் மாதத்தில் காய்ச்சலோடு வலி எடுத்துக் குறைப்பிரசவமாகி, அந்தக் குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடி ஆறாம் மாதம். அதற்குள் இரண்டு தடவை சிறுநீரில் தொற்று வந்து மாத்திரை கொடுத்திருந்தோம்.

இரண்டு தடவையும் என் பிரசங்கம் ஒன்றுதான். தண்ணீர் குடி. அதற்கென்று ஒரு அட்டைகூட வைத்திருந்தேன். கண், மூக்கு, பல் எல்லாம் வைத்து ஒரு டம்ளர் சிரித்துக்கொண்டிருக்கும். மலர்க்கொடி அந்த டம்ளரைப் பார்த்துத் தலையாட்டுவாள். "சரிங்க நர்சம்மா" என்பாள். போய்விடுவாள்.

மூன்றாவது தடவை அவளை நாற்று ஏற்றும் டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சேலையெல்லாம் சேறு. குளிரில் பல் அடித்துக்கொண்டது. இடுப்பில் வலி, வயிறு இறுகி இறுகி விட்டது. கூட வந்தவள் சம்பூர்ணம், கோஷ்டியின் தலைவி. எனக்குப் பயம் வந்தால் அது வாய்வழியாகக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எத்தன தடவ சொன்னேன் தண்ணி குடி, தண்ணி குடின்னு? போன புள்ளையையும் இப்படித்தான…"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் ஊசி போட்டு, ஆம்புலன்சில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அஞ்சு நாள் வைத்திருந்து வலியை நிறுத்தினார்கள். குழந்தை உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் பிரசவம்வரை இன்னொரு தொற்று வரக் கூடாது, வந்தால் எங்களால் உறுதி சொல்ல முடியாது என்று எழுதி அனுப்பினார்கள். சீட்டைப் படித்த டாக்டர் ரமாமணி, அந்தக் கோஷ்டியில் வேறு யாருக்கெல்லாம் இந்தத் தொற்று வந்திருக்கிறது என்று கேட்டார். புறநோயாளிப் பதிவேட்டைப் புரட்டினேன். வராதவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

பத்து எண்ணினார். "அப்ப இது மலர்க்கொடி விஷயம் மட்டும் இல்ல சிஸ்டர். அவங்களையே கேப்போம். படம் போடச் சொல்லுங்க."

படம் போடுவதற்கு அவர் வைத்திருந்த முறை இது. தாள் கிடையாது, பேனா கிடையாது. மக்கள் தங்கள் இடத்தில், தரையில், கைக்குக் கிடைத்ததை வைத்து ஊரைப் போட வேண்டும். நாம் குச்சியைத் தொடக் கூடாது. தவறாகப் போட்டாலும் திருத்தக் கூடாது. "அவங்க வாய்க்காலப் பெருசாப் போட்டா அது அவங்களுக்குப் பெருசுன்னு அர்த்தம்" என்பார். நாங்கள் போனது பெண்கள் நடவு முடிந்து திரும்பிய ஒரு சாயங்காலம். நெல் அடிக்கும் களத்தில் கூடினோம். கோலமாவில் வாய்க்கால் வந்தது. உமியைக் குவித்து வீடுகள் வைத்தார்கள். செங்கல் துண்டுகள் மோட்டார் கொட்டகைகள். குடிதண்ணீர் எங்கெங்கே கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுக் கற்கண்டை வாயில் போட்டேன். ஒவ்வொரு செங்கல் பக்கத்திலும் ஒரு முருங்கை இலை விழுந்தது. வயல்காடு முழுக்கத் தண்ணீர்! பார்த்தீர்களா டாக்டர் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கற்கண்டு விடவில்லை.

"நர்சம்மாவுக்கு வாயில என்ன, பல்லு வலியா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. களமே சிரித்தது.

டாக்டர் கேட்டார்: "நேத்து எப்படிப் போச்சோ அப்படியே இதுல நடந்து காட்டுங்களேன்."

சம்பூர்ணம் எழுந்து உமி வீட்டிலிருந்து கிளம்பினாள். விடிவதற்கு முன் அரை டம்ளர் காப்பி. டிராக்டர். வயல். சாயங்காலம் திரும்ப வீடு. முருங்கை இலைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனாள், ஒன்றில்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாளே ஆன மலர்க்கொடி, களத்து ஓரம் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன எடத்துல தண்ணி இருக்கு. ஏன் நிக்கல?" என்றார் டாக்டர்.

அவர் கட்டைவிரல் பத்தாவது கணுவைத் தொட்டு, மறுபடி முதல் கணுவிலிருந்து கிளம்பியது. இரண்டாவது சுற்றை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். கடைசியில் சம்பூர்ணம்தான் வாயைத் திறந்தாள்.

"குடிச்சா போவணும்ல டாக்டரம்மா. எங்க போறது?"

குச்சியை எடுத்துக் கோலமாவு வாய்க்காலைத் தட்டினாள். "இங்கன தாழம்புதர் இருந்துச்சு. இங்கன மூங்கி. தூர்வாரயில மிஷினு எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு. அப்புறம் கரைமேல ரோடு வந்துட்டு. இந்தக் கோடியில குனிஞ்சா அந்தக் கோடியில பஸ்ஸுல போறவன் பாக்குறான். எங்க ஒதுங்குறது? அதான் குடிக்கிறதே இல்ல."

"ஒதுங்க எடம் இருந்தாலும் எப்படிப் போறது?" என்றாள் இன்னொருத்தி. "வரிசையில நிக்கறப்ப ஒருத்தி கரையேறிட்டா அவ எடம் விழுந்துடும். பக்கத்துல நிக்கிறவதான் அதையும் சேத்து நடணும். பெரியவளுவ திட்டுவாளுவ. புதுசா வந்த பொண்ணு ஏறுமா?"

எல்லோரும் மலர்க்கொடியைப் பார்த்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். என் வாயில் கற்கண்டு 'கடக்' என்று உடைந்தது.

"ஏன் சம்பூர்ணம், இத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க உள்ள போற தண்ணியப் பத்தியேதான நர்சம்மா பேசினீங்க? வெளிய போறதப் பத்தி எப்பக் கேட்டீங்க?"

களம் அதிர்ந்தது. டாக்டர்கூடப் பல் தெரியச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஊர் எல்லையில் 'திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர்' என்று ஒரு பலகை நிற்கிறது. அதற்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவள் நான்தான். வீட்டுக்கு வீடு கழிப்பறை உண்டு, பொய் இல்லை. விடியலில் வயலுக்குப் போகிறவள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டா போவாள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போய் முதல் வேலையாக முந்தின வருஷத்துப் பிரசவப் பதிவேட்டை எடுத்தேன். மலர்க்கொடியின் பெயருக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் இருந்தது: 'தாய் அறிவுரையைப் பின்பற்றவில்லை.' டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எண்ணிய பத்து, என் சர்வீஸிலேயே நீளமான பத்து.

"திருத்திடுங்க. ஆனா அந்தப் பொண்ணு முன்னாடி வச்சுத் திருத்துங்க" என்றார்.

"இப்பவா டாக்டர்? மாசமா இருக்கா. மனசு கலங்கிடும்."

"சரி, அப்புறமா. ஆனா திருத்தணும்."

தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, ஒதுங்க இடம் கேட்டு நிலக்காரர்களிடம் போவதற்குக் கையில் ஆதாரம் வேண்டும் என்றார் டாக்டர். நான் சும்மா இருப்பேனா? பதினாலு கட்டம் போட்ட படிவம் ஒன்று தயாரித்தேன். யார், எத்தனை மணிக்கு, எத்தனை டம்ளர். சம்பூர்ணம் சேற்றுக் கையோடு அதை வாங்கினாள். திருப்பிக் கொடுத்தபோது அது படிவமாக இல்லை. அப்போது மலர்க்கொடி சொன்னாள்: "நாத்துமுடி கட்ட வாழநாரு எல்லார் இடுப்புலயும் இருக்கும்ல நர்சம்மா. குடிச்சா ஒத்த முடிச்சு, ஒதுங்கினா ரெட்ட முடிச்சு. சாயங்காலம் நான் வாங்கி எழுதிக்கிறேன்."

அவள் இனிக் குனிந்து நடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வராத ஆளின் இடத்தை அடுத்த நடவுக்குள் வேறு ஆள் பிடித்துக்கொள்ளும் என்பது கோஷ்டி வழக்கம். சம்பூர்ணம் இரண்டையும் ஒரே போடாகத் தீர்த்தாள். மலர்க்கொடி வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து நார் வாங்க வேண்டியது, தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவள் இடம் அவளுக்கே. முணுமுணுத்த ஒருத்தியிடம், "அப்ப நீ எழுதுறியா?" என்று நோட்டை நீட்டினாள். முணுமுணுப்பு நின்றது.

ஒரு வாரத்து நார்களைக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியில் தொங்கவிட்டோம். ஒற்றை முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றும். இரட்டை முடிச்சைத் தேட எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அந்தக் கம்பியோடுதான் தங்கராசு ஐயா வீட்டுக்குப் போனோம். தம்பி சிங்கப்பூரில், அவருடைய நிலத்துக்கும் இவர்தான் பொறுப்பு. மோட்டார் கொட்டகைகளில் பாதி இவர் கையில். கூடத்தில் நாற்காலி போட்டார், டாக்டருக்கும் எனக்கும். சம்பூர்ணமும் மலர்க்கொடியும் நின்றார்கள். அதைப் பார்த்து டாக்டர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஐயா பதறிப்போய்ப் பாய் போடச் சொன்னார். இப்போது எல்லோரும் உட்கார்ந்தோம். மலர்க்கொடி நோட்டைப் பார்த்து ஒரு வாரத்தையும் நாள்வாரியாகப் படித்தாள். குரல் முதலில் நடுங்கியது, புதன்கிழமைக்கு மேல் நடுங்கவில்லை.

"கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கொட்டகையத் தொறந்துவிட முடியாதுங்க. மோட்டார் கம்பியப் போன வருஷம்தான் அறுத்துட்டுப் போனானுவோ" என்றார் ஐயா.

கம்பி என்று அவர் சொன்னதில் பாதிதான் கம்பி. மீதி என்ன என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் எண்ண ஆரம்பித்தார். நான் கேள்வி எதுவும் கேட்காமலேயே ஒரு கற்கண்டைப் போட்டுக்கொண்டேன்.

"நாங்க சாவி கேக்கலைங்கய்யா" என்றாள் சம்பூர்ணம். "கொட்டகையோட பின்செவுரு, வெளிப்பக்கம். மத்த மூணு பக்கமும் கீத்து கட்டிக்கிறோம். குழியும் நாங்களே வெட்டிக்கிறோம்."

ஐயா கம்பியைப் பற்றி இன்னொரு தடவை சொன்னார். விலை சொன்னார். போலீசில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். டாக்டர் ஆறாவது கணுவில் இருந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜம் குரல் கொடுத்தார்.

"நடவு பாக்க நானுந்தான் அங்க நாள் பூரா வந்து நிக்கிறேன். எங்க ஒதுங்குறேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

ஐயா திரும்பிப் பார்த்தார். என்னைப் போலவே அவரும் கேட்காதவர் கட்சி என்று தெரிந்ததில் எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. "கட்டிக்கிங்க" என்றார். "நல்லாவே கட்டுங்க."

ஒரே பகலில் கட்டிவிட்டார்கள். கொட்டகை இல்லாத வயல்களுக்கு நாலு மூங்கில், உரச்சாக்கைத் தைத்த திரை, நாற்று டிராக்டரிலேயே ஏற்றிப் போவது. அதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். "நான் ஆபீஸுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றால் டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியாது. வரிசை வழக்கத்தையும் அவர்களே மாற்றினார்கள். ஒரு வயல் முடிந்ததும் மொத்த வரிசையும் கரையேற வேண்டும், ஆளுக்கொரு சொம்பு, அப்புறம் ஆபீஸ். ஏறாதவளுக்குத் திட்டு. முன்பு ஏறினால் திட்டு. திட்டு நிற்கவில்லை, அதன் காரணம் மாறியது. நார்கள் முடிச்சு முடிச்சாகத் திரும்பி வந்தன. என்னுடைய சிரிக்கும் டம்ளர் அட்டையை வரப்பில் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஆபீஸை யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்பதும் அவர்கள் போட்ட சட்டம்தான்.

மலர்க்கொடிக்குத் தொற்று திரும்ப வரவில்லை. ஒவ்வொரு வாரமும் பரிசோதனைக்கு வருவாள். ஏழாம் மாதம் முடிகிறவரை நான் சாமியை வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. தை மாதம், அறுவடை மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, மாதம் நிறைந்து பெண் குழந்தை. அழுகைச் சத்தம் வராந்தாவரை கேட்டது.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு வந்தாள். எனக்கு இனிச் சாக்கு இல்லை. பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது நான் எழுதினது மலரு. தப்பா எழுதிட்டேன்."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு படித்தாள். சின்ன வரிதான். ரொம்ப நேரம் படித்தாள்.

"நான்தான் அந்தப் புள்ளயக் கொன்னுட்டேன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேங்க நர்சம்மா" என்றாள்.

நான் அந்த வரியை அடித்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். அவள் கையை நீட்டினாள். விதிப்படி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். முத்து முத்தான கையெழுத்தில் 'வயலில் ஒதுங்க இடமில்லை. யாரும் கேட்கவில்லை' என்று எழுதினாள். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

டப்பா மேசைமேல்தான் இருந்தது. கற்கண்டு போட்டுக்கொள்ளாமலே, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை, நான் வாயைத் திறக்கவில்லை.